போக மட்டும் பாதை

எங்க பக்கம் புஞ்சை வாங்கப் போறவங்க மண்ணைப் பார்ப்பாங்க, கிணத்தை எட்டிப் பார்ப்பாங்க, பட்டாவைப் பார்ப்பாங்க. கூட விவரம் தெரிஞ்ச பெரியாளு ஒருத்தர் வந்திருந்தா இன்னொண்ணும் கேப்பாரு. "பாதை இருக்கா?" வண்டிப்பாதை இல்லாத நிலம் பாதி விலைக்குத்தான் போகும். அறுத்த மக்காச்சோளத்தை அடுத்தவர் வரப்பு வழியா தலைச்சுமையாக் கொண்டு வரணும். அவரு ஒருநாள் கோவிச்சுக்கிட்டு வேலி போட்டா அதுவும் போச்சு.

நாம மாசாமாசம் பணம் கட்டுற இன்டர்நெட் லைனும் இப்போ இந்த லட்சணத்துலதான் இருக்கு. உள்ள இருந்து வெளிய எங்க வேணும்னாலும் போகலாம். வெளிய இருந்து நம்ம வீட்டுக்கு ஒருத்தர் வரணும்னா வழி கிடையாது. கிராமத்துல மட்டும்தான் இப்படின்னு நினைச்சுடாதீங்க. சென்னையிலயும் கோயமுத்தூர்லயும் இருக்கிற உங்க வீட்டு லைனும் பெரும்பாலும் இதேதான். நீங்க யாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பார்க்காததால தெரியாம இருக்கு, அவ்வளவுதான்.

நான் கூப்பிட்டுப் பார்த்தேன். விஷயம் இதுதான். 30 வருசத்துக்கு மேல மழைக்கணக்கு எழுதி வெச்சிருக்கேன். என்னைக்கு எத்தனை மில்லிமீட்டர், கண்மாய்க்கு எவ்வளவு தண்ணி வந்துச்சு, எந்தப் புஞ்சையில என்ன விதைச்சோம், எப்போ முளைச்சுது, எது கருகுச்சு. எல்லாம் நாலு நோட்டு. கரிசக்காட்டு மானாவாரிக்காரனுக்கு இதைவிடப் பெரிய சொத்து இல்ல. இருங்குச் சோளத்தை எந்த வாரம் ஊனுனா தப்பிச்சுதுன்னு அந்த நோட்டுதான் சொல்லும். என் தங்கச்சி மகன், அதாவது எங்க மருமகப்பிள்ளை, கம்ப்யூட்டர் படிச்சவன். போன வருசம் லீவுல வந்தப்போ சீட்டுக்கட்டு அளவு ஒரு சின்ன கம்ப்யூட்டரை வாங்கிட்டு வந்தான். ராஸ்பெர்ரி பைன்னு பேரு. நோட்டு நாலையும் அதுல ஏத்தி, "மாமா, இது இனிமே உங்க சர்வர்"னு பரண் மேல வெச்சுட்டான்.

சர்வர்னதும் நமக்கு ஓட்டல் ஞாபகம்தான் வரும். வேலையும் அதேதான். யாராச்சும் வந்து கேட்டா, கேட்டதை எடுத்துட்டு வந்து வைக்கணும். வீட்டு வைஃபையில இருக்கிற எந்த போன்லயும் 192.168.1.20-னு தட்டுனா மழைக்கணக்கு வந்து நிக்குது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி திண்ணையில உக்காந்து பார்த்துட்டுப் போறாரு. கரண்டு போனாலும் ஒரு சின்ன பேட்டரியில ஓடும். இன்டர்நெட் அறுந்து மூணு நாள் கெடந்தப்பவும் ஊருக்குள்ள அது வேலை செஞ்சுது, ஏன்னா கணக்கு எங்கேயும் வெளியூர்ல இல்ல, பரண் மேலதான இருக்கு.

ஆனா சென்னையில இருக்கிற அதே மருமகன் அங்க இருந்து தட்டுனா ஒண்ணும் வராது. திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கிற எங்க ஊர்ப் பிள்ளைகளுக்கும் வராது. அவங்களுக்கும் இங்க புஞ்சை இருக்கு. மழை பேஞ்சா விதைக்கலாமா வேண்டாமான்னு அவங்க கேக்கணும். ஐப்பசி வந்தா என் போன் ஓயாது.

ஏன் வராதுன்னு நான் பன்னிரண்டாவது படிச்ச அளவுக்குப் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன்.

விருதுநகர், சாத்தூர், சிவகாசி ஊர்கள்ல காம்பவுண்டு வீடுன்னு உண்டு. வாசல்ல ஒரே கதவு நம்பர், உள்ள எட்டு வீடு, ஒரே அடிகுழாய். இன்டர்நெட்டும் அப்படி ஆனதுக்குக் காரணம் நம்பர் பத்தாக்குறை. முதல்ல போட்ட கணக்குப்படி உலகம் பூராவுக்கும் 429 கோடி விலாசம்தான். இந்தியாவுல மட்டும் 140 கோடிப் பேரு இருக்கோம், ஆளுக்கு ஒரு போன், வீட்டுக்கு ஒரு டிவின்னா எப்படிக் காணும்? இது தெரிஞ்சுதான் 1994-லயே ஒரு உபாயம் சொன்னாங்க. வெளிய ஒரே விலாசம், உள்ள வேண்டிய மட்டும் தனி நம்பர். அந்த 192.168 எல்லாம் உள் நம்பர். உலகத்துல கோடிக்கணக்கான வீட்ல அதே நம்பர்தான் இருக்கும். வெளிய அதுக்கு மதிப்பே கிடையாது.

காம்பவுண்டு வாசல்ல நிக்கிற ஆளுதான் ரவுட்டர். உள்ள இருக்கிறவங்க வெளிய கடிதம் போட்டா, யாரு போட்டாங்கன்னு ஞாபகம் வெச்சுக்கிட்டு, பதில் வந்ததும் சரியா குடுத்துருவாரு. முன்னப்பின்ன தெரியாத ஆளு வெளிய இருந்து வந்து நின்னா, எந்த வீட்டுக்கு அனுப்பன்னு அவருக்குத் தெரியாது. திருப்பி அனுப்பிருவாரு. அதுக்குத்தான் போர்ட் ஃபார்வர்டிங்னு ஒண்ணு. "443-ம் நம்பரைச் சொல்லி யாரு வந்தாலும் மூணாவது வீட்டுக்கு அனுப்புங்க"ன்னு ரவுட்டர் பக்கத்துல எழுதி வைக்கிறது. வாசல் விலாசம் அப்பப்போ மாறும்னாலும் பரவாயில்ல, மாறுனதும் புது விலாசத்தைப் பதிஞ்சு வைக்கிற சேவையும் உண்டு. 10 வருசம் முன்னாடி வரைக்கும் இத்தோட வேலை முடிஞ்சிருக்கும்.

இப்போ முடியாது. ஏன்னா 2011 பிப்ரவரியில உலகப் பொதுக் கிட்டங்கி காலி. ஏப்ரல்ல நம்ம ஆசியா கிட்டங்கியும் கடைசி மூட்டைக்கு வந்துருச்சு. அதுக்கப்புறம் லைன் குடுக்கிற கம்பெனிகள் என்ன செஞ்சாகன்னா, தெருவையே ஒரு பெரிய காம்பவுண்டுக்குள்ள போட்டுட்டாக. உங்க காம்பவுண்டு வாசலுக்கு இருந்த கதவு நம்பரும் இப்போ உள் நம்பர்தான். உண்மையான வாசல் கம்பெனி ஆபீஸ்ல இருக்கு. ஒரே விலாசத்துக்குப் பின்னால எத்தனையோ வீடு. இதுக்குன்னே 2012-ல தனியா ஒரு நம்பர் வரிசை ஒதுக்குனாங்க. உங்க வீட்டு ரவுட்டர் பக்கத்தைத் திறந்து, வெளிவிலாசம்னு போட்டிருக்கிற இடத்தைப் பாருங்க. 100.64-ல இருந்து 100.127 வரைக்கும் உள்ள நம்பர்ல ஆரம்பிச்சா நீங்களும் எங்க கூட்டம்தான். 10-ல ஆரம்பிச்சாலும் அதேதான். வீட்டு ரவுட்டர்ல நீங்க என்ன எழுதி வெச்சாலும் ஆபீஸ் வாசல்ல நிக்கிறவருக்கு அது தெரியாது.

லைன் குடுத்த கம்பெனிக்குப் போன் போட்டேன். பேர் வேண்டாம், எல்லாரும் ஒண்ணுதான். "நிலையான விலாசம் வேணும்மா"ன்னேன். "சார், அது பிசினஸ் பிளான்ல மட்டும்தான் உண்டு, ஜிஎஸ்டி நம்பர் சொல்லுங்க"ன்னாங்க. விளைஞ்சதை விக்கிற விவசாயிக்கு ஜிஎஸ்டி பதிவே தேவையில்லைன்னு சட்டம் சொல்லுது. அப்போ ஜிஎஸ்டி இல்லாதவனுக்கு வாசலும் இல்ல.

எனக்குக் கோபம் அந்தப் பிள்ளை மேல இல்ல. அவங்களுக்கு எழுதிக் குடுத்ததைப் படிக்கிறாங்க. கோபம் எதுலன்னா, லைனுக்கு இலக்கணம் எழுதும்போதே நம்மளை வாங்கித் தின்கிறவனா மட்டும் வெச்சு எழுதியிருக்காங்க. 2023 ஜனவரியில மத்திய அரசு பிராட்பேண்டுக்குப் புது வரையறை போட்டுச்சு. முன்ன 512 கேபிபிஎஸ்னு இருந்தது, இனிமே குறைஞ்சது 2 எம்பிபிஎஸ். சந்தோசம். ஆனா அது இறக்குற வேகத்துக்கு மட்டும்தான். ஏத்துற வேகம் எவ்வளவு, வெளிய இருந்து உங்களைக் கண்டுபிடிச்சு வர முடியுமா, அதைப் பத்திப் பேச்சே இல்ல. கமிஷன் மண்டிக்கு மூட்டை கொண்டு போற ரோட்டை விட்டுட்டு, டவுன்ல இருந்து பிஸ்கட் வண்டி வர்ற ரோட்டை மட்டும் போட்ட மாதிரி.

எங்க மலைக்கு அந்தப் பக்கம் தேனி. அங்க அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கு. அதை மதுரையில 1976-ல 11 படுக்கையோட ஆரம்பிச்ச டாக்டர் வெங்கடசாமி எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்துக்காரர், நம்ம கரிசல் மண்ணு. 2000-களின் நடுவுல தேனி ஆஸ்பத்திரியும் அமெரிக்காவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரங்களும் சேர்ந்து ஒரு வேலை செஞ்சாங்க. சுத்துப்பட்டு ஊர்கள்ல சின்னச் சின்ன கண் பரிசோதனை மையம். அங்க இருந்து ஆஸ்பத்திரிக்குக் கோபுரம் வெச்சு நீண்ட தூர வைஃபை. பாட்டி ஊர்லயே உக்காந்து தேனி டாக்டர்கிட்ட வீடியோவுல கண்ணைக் காட்டலாம். ஆபரேஷன் வேணும்னா மட்டும் பஸ் ஏறுனா போதும். ஒருநாள் கூலி மிச்சம்.

நெட்வொர்க் நல்லா ஓடுச்சு. ஆனா கிராமத்துக் கரண்டு தெரியும்ல, ஏறி இறங்கி கருவிகளைப் பதம் பார்த்துச்சு. ஏதாச்சும் நின்னா, பெர்க்லியில இருந்தே உள்ள நுழைஞ்சு சரி பண்ணலாம்னா, முடியல. அந்தக் கருவி எல்லாம் உள் நம்பருக்குப் பின்னால இருந்துச்சு. எங்க பரண் மேல இருக்கிற பெட்டிக்கு இன்னைக்கு வந்த அதே வியாதி, 15 வருசத்துக்கு முன்னாடியே அங்க வந்துருச்சு.

அவங்க செஞ்ச வைத்தியம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. வெளிய இருந்து உள்ள வர முடியாதா, சரி, உள்ள இருக்கிறவன் வெளிய போகலாம்ல? ஒவ்வொரு கருவியும் தானாவே அப்பப்போ அமெரிக்காவுல இருக்கிற ஒரு சர்வருக்குப் போய் "நான் நல்லா இருக்கேன்"னு சொல்லிட்டு வரும். யாராச்சும் உள்ள வரணும்னா, அந்தக் கருவியே வெளிய போய் ஒரு குழாய் போட்டுப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். அந்தக் குழாய் வழியா அவங்க திரும்பி உள்ள வருவாங்க. எஸ்எஸ்ஹெச்னு 1995-ல பின்லாந்துக்காரர் ஒருத்தர் எழுதுன மென்பொருள்லயே இந்த வசதி இருக்கு. 2008-ல அவங்க இதையெல்லாம் ஒரு ஆய்வுக் கட்டுரையா எழுதுனாங்க. கிராமத்து நெட்வொர்க்கைத் தொடங்குறதை விட உசிரோட வெச்சிருக்கிறதுதான் கஷ்டம்னு அதுல சொல்லியிருந்தாங்க. போர் போட்டவனுக்கெல்லாம் தெரிஞ்ச சங்கதி.

எங்க மருமகனும் கடைசியில அதைத்தான் செஞ்சான். மாசம் சில நூறு ரூபாய்க்கு வெளிய ஒரு சின்ன சர்வரை வாடகைக்குப் பிடிச்சு, வயர்கார்டுங்கிற மென்பொருளை வெச்சு, பரண் மேல இருக்கிற பெட்டி எந்நேரமும் அங்க குழாயைப் பிடிச்சுக்கிட்டே நிக்குது. திருப்பூர்ப் பிள்ளைகள் அந்த வாடகை சர்வருக்குப் போறாங்க, அது இங்க அனுப்புது. கிளவுட்ஃபிளேர் மாதிரி கம்பெனிகள் குழாயை இலவசமாவே தர்றாங்க. நல்ல வசதிதான், குறை சொல்லல. ஆனா அதுல வர்றவங்க பூட்டு அவங்க வாசல்லயே திறக்கப்பட்டு, அவங்க கண்ணு முன்னால போயிட்டுத்தான் நம்மகிட்ட வருது. மழைக்கணக்குக்கு அதனால ஒண்ணும் இல்ல. ஒரு ஆரம்ப சுகாதார நிலையமோ கூட்டுறவு சங்கமோ இதைச் செய்யும்போது யோசிக்கணும்.

என் வழக்கு இதுதான். குழாய் போட்டதால காரியம் நடக்குது, ஆனா அது அடுத்தவர் வரப்பு. பக்கத்து ஊர்ல ஒருத்தர் காட்டுப்பன்னிக்குப் பயந்து மக்காச்சோளக் காட்டுல கேமரா மாட்டுனாரு. சோளத்துக்கும் அவர் வீட்டுக்கும் அரை கிலோமீட்டர். அந்தப் படம் நேரா வீட்டுக்கு வராது. எந்த நாட்டுலயோ இருக்கிற கேமராக் கம்பெனி சர்வருக்குப் போய்ட்டுத்தான் அவர் போனுக்கு வரும். ஒருநாள் அந்தக் கம்பெனி அந்த மாடலுக்கு ஆப்பை நிறுத்திருச்சு. கேமரா நல்லாத்தான் இருக்கு. கம்பத்துல தொங்குது. பன்னிக்கு அது தெரிஞ்சிருக்கும் போல.

"அப்போ எல்லார் வீட்டு வாசலையும் திறந்து விட்டா திருடன் வர மாட்டானா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. 2016-ல மிராய்னு ஒரு கிருமி நிரல். அது செஞ்சதெல்லாம், வெளிய தெரியுற கேமரா, ரவுட்டர்களைத் தேடிப் போய், கம்பெனி போட்டு அனுப்புன பாஸ்வேர்டு 60-க்கும் மேல வரிசையாப் போட்டுப் பார்த்தது. மாத்தாதவங்க பெட்டி எல்லாம் அதுக்கு அடிமை. அந்த வருசம் அக்டோபர் 21-ந் தேதி அப்படிச் சேர்ந்த பெட்டிப் பட்டாளம் டைன்ங்கிற ஒரே கம்பெனியை மொத்த, அமெரிக்காவுல ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் படுத்துருச்சு. அந்தக் கிருமியை எழுதுனது மூணு இளவட்டப் பசங்க. ஒரு வீடியோ கேம் சர்வர் தொழில் போட்டியில ஆரம்பிச்ச சங்கதியாம்.

அதனால வாசல் வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைக்குள்ள போயிருக்கீங்களா? எல்லாத்தையும் ஒரே ஹால்ல வெச்சுச் செய்ய மாட்டாங்க. சின்னச் சின்ன அறை, அறைக்கு அறை இடைவெளி, ஒரு அறையில இத்தனை பேருதான், இவ்வளவு மருந்துதான்னு விதி. ஒண்ணுல தீப்பிடிச்சா அடுத்ததுக்குத் தாவக் கூடாது. அந்த விதியை மதிக்காத இடத்துலதான் சாவு விழுது, அது எங்க மாவட்டத்துக்காரங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். சர்வருக்கும் அதே விதிதான். ஊருக்குக் காட்டுற பெட்டி தனி அறை, அதாவது ரவுட்டர்ல விருந்தாளி வைஃபைன்னு இருக்கே அந்தப் பக்கம். வீட்டு போன், டிவி எல்லாம் வேற பக்கம். திறக்கிறது ஒரே கதவு, 443. பாஸ்வேர்டை மாத்தணும், மென்பொருளைப் புதுப்பிச்சுக்கிட்டே இருக்கணும். சில கேமராப் பெட்டி நம்மளைக் கேக்காமலே ரவுட்டர்ல கதவைத் திறந்துக்கும், அந்த வசதியை அணைச்சு வைக்கணும். மோட்டார் ஸ்டார்ட்டரையும் கேமராவையும் எந்தக் காலத்துலயும் பொது வாசல்ல வைக்கக் கூடாது. மழைக்கணக்கை யாரு பார்த்தாலும் நல்லது. என் மோட்டாரைப் போட்டு விடுறதுக்கு ஊர்ல எவனுக்கும் உரிமை இல்ல.

நிரந்தர மருந்து ஏற்கனவே கடைக்கு வந்தாச்சு. ஐபிவி 6. 1998-ல விதி எழுதி, 2012 ஜூன் 6-ல உலகம் பூரா திறந்து விட்டாங்க. அதுல எத்தனை விலாசம்னா 340-க்குப் பின்னால 36 சைபர் போடணும். ஒரு வீட்டுக்குக் குடுக்கிற துண்டுக்குள்ளயே பழைய உலகத்து மொத்த விலாசத்தை விட அதிகம் இருக்கும். காம்பவுண்டே வேண்டாம், ஒவ்வொரு பெட்டிக்கும் சொந்தக் கதவு நம்பர். இதுல நம்ம நாடு பின்தங்கலங்க, உலகத்துலயே முன்வரிசையில இருக்கோம். 2016-ல ஜியோ வந்தப்போ அதை வெச்சுத்தான் பெரும்பகுதி ஓட்டுனாக. உங்க போன்லயும் அநேகமா அது இருக்கும்.

இருந்தும் ஏன் உள்ள வர முடியல? நம்பர் குடுத்தாச்சு, ஆனா கதவைக் கம்பெனி பூட்டி வெச்சிருக்கு. மொபைல் லைன்ல வெளிய இருந்து வர்றதை அவங்களே தடுத்துரலாம். வீட்டு ரவுட்டர்ல பூட்டு இருக்கிறது நல்லதுதான், ஆனா சாவி வீட்டுக்காரன் கையில இல்ல. அவங்க தர்ற சில ரவுட்டர்ல அந்தப் பக்கத்தையே மறைச்சு வெச்சிருக்காங்க. போதாததுக்கு நம்பரும் அப்பப்போ மாறுது. ஐபிவி 6 இல்லாத லைன்ல இருந்து வர்றவங்களால நம்மளைப் பார்க்கவும் முடியாது, அது கொஞ்ச காலம் இருக்கும், ஒத்துக்கிறேன். மத்ததெல்லாம் மனசு வெச்சா நாளைக்கே மாத்தலாம்.

"உங்களுக்கு எதுக்கு மாமா இவ்வளவு, வாட்ஸ்அப் குரூப்புல போட்டா போதாதா?"ன்னு மருமகனே கேட்டான். குரூப்புல போட்டது ரெண்டு நாள்ல குட் மார்னிங் படத்துக்கு அடியில போயிரும். 1999 ஐப்பசி மழையை அங்க தேட முடியுமா? கடை வெச்சு வியாபாரம் பண்றவங்க வாடகை இடத்துக்குப் போகட்டும். தீபாவளிக்கு முன்னால சிவகாசி விலைப்பட்டியல் பக்கத்துக்கு வர்ற கூட்டத்தை வீட்டு லைன் தாங்காது. ஊர்க் கணக்கு ஊருக்குள்ளதான் இருக்கணும்.

வீட்டுப் பெட்டியில சர்வரான்னு சிரிக்கிறவங்களுக்கு ஒண்ணு. வெப்பே அப்படித்தான் பிறந்துச்சு. ஜெனீவா பக்கத்துல செர்ன் ஆய்வுக்கூடத்துல டிம் பெர்னர்ஸ்-லீ தன் மேசைக் கம்ப்யூட்டர்லதான் முதல் வெப் சர்வரை ஓட்டுனாரு. இது சர்வர், யாரும் அணைச்சுறாதீங்கன்னு சிவப்பு மையில எழுதி ஒட்டி வெச்சிருந்தாராம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துல 1991-ல ஒரு காபிக் கூஜாவுக்கு எதிர்ல கேமரா வெச்சாங்க. மாடி ஏறிப் போய்க் காபி இல்லாம ஏமாறக் கூடாதுன்னு. ரெண்டு வருசம் கட்டிடத்துக்குள்ள மட்டும் தெரிஞ்சுது. 1993 நவம்பர்ல வெப்புல இணைச்சாங்க, உலகமே வந்து காபி இருக்கான்னு பார்த்துச்சு, 2001 ஆகஸ்ட்ல நிறுத்துற வரைக்கும். அவங்க காபியைப் பார்க்க வழி இருந்துச்சு. எங்க கண்மாய்த் தண்ணியைப் பார்க்க வழி கேக்குறேன்.

கேக்குற இடமும் இருக்கு. பாரத்நெட்னு ஒரு திட்டம், 2011-ல வேற பேர்ல ஆரம்பிச்சு 2015-ல பேர் மாத்துனது. நம்ம மாநிலத்துல டான்ஃபினெட்னு அரசு நிறுவனம் அதைச் செய்யுது. 12,525 ஊராட்சிக்கும் கண்ணாடி இழை, ஒவ்வொண்ணுக்கும் 1 ஜிபிபிஎஸ்னு திட்டம். விருதுநகர் மாவட்டத்துல மட்டும் 450 ஊராட்சி. அரசாங்கக் கம்பி, அரசாங்கக் கட்டிடம். மாறாத ஐபிவி 6 துண்டு ஒண்ணை ஒவ்வொரு ஊராட்சிக்கும் எழுதி வெச்சா புதுசா ஒரு அடி கம்பி இழுக்க வேண்டியதில்ல. மழைமானி, கண்மாய் மட்டம், நூலகப் பட்டியல், கிராம சபைத் தீர்மானம் எல்லாம் அந்த ஊர்ப் பெட்டியிலயே இருக்கும். ஊர்க்காரங்க எங்க இருந்தாலும் நேரா வந்து பார்ப்பாங்க.

வர்ற ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு மனு எழுதிட்டேன். ஐபிவி 6-னு எழுதுனா தெருவிளக்குக் கணக்குலயே சேர்த்துருவாங்கன்னு, "ஊராட்சி இன்டர்நெட் இணைப்புக்கு நிரந்தரக் கதவு எண் வழங்கக் கோரி"ன்னு தலைப்புப் போட்டிருக்கேன். 17 பேர் கையெழுத்துப் போட்டாச்சு. அதுல 5 பேருக்கு இங்க ஓட்டு, சம்பாத்தியம் திருப்பூர்ல.